ஒரு லேன் தள்ளிப் போங்கள்: சாலையோரம் நின்று வேலை செய்பவர்களைக் காக்கும் சட்டம்

நெடுஞ்சாலையில் வண்டி பழுதாகி ஓரத்தில் ஒருமுறையாவது நின்றவர்களுக்கு அந்த நடுக்கம் நினைவிருக்கும். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போனால், நிற்கிற கார் அப்படியே ஆடும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கே வயிற்றைக் கலக்கும். அதே இடத்தில், அதே காற்றில், வெளியே நின்று வேலை பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். வேகமாகப் போன காரை நிறுத்தி விசாரிக்கும் காவலர், அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் ஆம்புலன்ஸ் பணியாளர், பழுதான காரில் சங்கிலி மாட்டும் இழுவை வண்டிக்காரர், மின்கம்பத்தில் ஏறுபவர், குப்பை அள்ளுபவர், தார் போடுபவர்.

இவர்களுக்காக அமெரிக்காவில் பிறந்ததுதான் ‘மூவ் ஓவர்’ சட்டம். தமிழில் ‘தள்ளிப் போ’ சட்டம் என்று சொல்லலாம். இன்று அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் இது உண்டு. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதன் உறவுக்காரச் சட்டங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் வண்டி ஓட்டக் கற்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இது. பல ஆண்டுகளாக ஓட்டுபவர்களிலும் இதைச் சரியாக அறியாதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

விதி எளிது. சாலை ஓரத்தில் விளக்கு மின்ன ஒரு வண்டி நிற்கிறது. அதை ஒட்டிய லேனில் நீங்கள் வருகிறீர்கள். பக்கத்து லேன் காலியாக இருந்தால் அதற்கு மாறிவிட வேண்டும். நெரிசலில் மாற முடியவில்லை என்றாலோ, உங்கள் பக்கம் இருப்பதே ஒரு லேன்தான் என்றாலோ, வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு கடக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதைச் சைரன் விதியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னாலிருந்து சைரன் ஒலிக்க ஆம்புலன்ஸ் வந்தால் ஓரம் கட்டி வழிவிடுவது எல்லா ஊரிலும் பழைய விதி. அது நகரும் வண்டிக்கானது. இது நிற்கும் வண்டிக்கானது. உண்மையில் இது வண்டிக்காகக்கூட இல்லை, அதன் பக்கத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் நிற்கும் ஆளுக்காக.

ஒரு கை நீள இடைவெளி

ஏன் ஒரு முழு லேன் தள்ளிப் போகச் சொல்கிறார்கள்? கொஞ்சம் மெதுவாகப் போனால் போதாதா? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் பொதுவாக 12 அடி. பெரிய லாரியின் அகலம் எட்டரை அடி. லாரி ஓட்டுநர் லேனின் நட்டநடுவில் பிசகாமல் ஓட்டினாலும், இருபுறமும் மிஞ்சுவது ஒன்றே முக்கால் அடிதான். கண்ணாடி வேறு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாலையோரப் பகுதியை அங்கே ‘ஷோல்டர்’ என்பார்கள். அதன் அகலம் பல இடங்களில் 10 அடி. காவலரின் கார் அதில் ஆறரை அடியை எடுத்துக்கொள்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து அவர் இறங்கி நின்றால், சாலையின் வெள்ளைக் கோட்டுக்கும் அவர் முதுகுக்கும் நடுவே ஓரடிதான் இருக்கும். அந்த ஓரடியையும் லாரி விட்ட ஒன்றே முக்கால் அடியையும் கூட்டுங்கள். மொத்தம் ஒரு கை நீளம். அந்த இடைவெளியில் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் 30 டன் எடை கடந்து போகிறது. அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்.

சரியாக நடக்காவிட்டால்? 105 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 29 மீட்டர். போனில் வந்த செய்தியை இரண்டே நொடி எட்டிப் பார்த்தால் வண்டி 58 மீட்டர் தாண்டியிருக்கும். அந்த 58 மீட்டரில் ஸ்டியரிங் ஒரு விரல் அளவு வலப்புறம் இழுத்துக்கொண்டால் போதும், வெள்ளைக் கோடு டயருக்கு அடியில் வந்துவிடும். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால் ஷோல்டரும் பெரும்பாலும் வலப்பக்கம்தான் என்பதை நம் ஊர் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கவனம் சிதறுபவர் எப்போதும் இருப்பார், தூக்கக் கலக்கத்தில் ஓட்டுபவர் இருப்பார், குடித்துவிட்டு ஓட்டுபவரும் இருப்பார். ஒரு லேன் தள்ளிப் போனால் அவர்களுடைய தவறுக்கு 12 அடி கூடுதல் இடம் கிடைக்கிறது. ஓரத்தில் நிற்பவரின் உயிர் ஓட்டுநர் ஒருவரின் கவனத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பதே இந்தச் சட்டத்தின் உள்ளே இருக்கும் எண்ணம். என்னைக் கேட்டால், சாலைச் சட்டங்களிலேயே நியாயமான எண்ணங்களில் ஒன்று இது.

எங்கே தொடங்கியது

1994 ஜனவரி 28. தென் கரோலினா மாநிலத்தின் லெக்சிங்டனில் ஒரு விபத்து நடந்த இடத்தில் உதவிக்குப் போயிருந்த அவசர மருத்துவப் பணியாளர் ஒருவரைக் கடந்து சென்ற வண்டி மோதிக் காயப்படுத்தியது. விசாரணையில் தவறு மோதப்பட்டவர் பக்கம் என்றே பதிவானது. சாலையில் நின்று வேலை செய்பவரைக் காக்கத் தனிச் சட்டம் அப்போது இல்லை. உயிரைக் காப்பாற்றப் போனவரே குற்றவாளியாக எழுதப்பட்டார். அவர் அதை அப்படியே விட்டுவிடாமல் சட்டம் கேட்டு முயன்றார். 1996 இல் தென் கரோலினா சட்டம் இயற்றியது. இந்த வகையில் அமெரிக்காவின் முதல் சட்டம் அதுதான். பிறகு ஒவ்வொரு மாநிலமாகச் சேர்ந்தது. கடைசியாக 2012 இல் ஹவாய் வந்து சேர்ந்தது.

சில மாநிலங்களில் இந்தச் சட்டத்துக்கு ஆட்களின் பெயர் உண்டு. இல்லினாய்ஸில் ‘ஸ்காட் சட்டம்’ என்கிறார்கள். ஸ்காட் கில்லன் சிகாகோ தீயணைப்புத் துறையில் லெப்டினன்ட். 2000 டிசம்பர் 23 அன்று டான் ரையன் விரைவுச்சாலையில் ஒரு விபத்தைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, குடிபோதையில் வந்த ஓட்டுநர் மோதி இறந்தார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. நியூயார்க்கில் இதன் பெயர் ‘ஆம்ப்ரோஸ்–சியர்ல்ஸ்’ சட்டம். 2002 இலும் 2003 இலும் பணியில் இருந்தபோது சாலையோரத்தில் உயிரிழந்த இரண்டு காவல் பணியாளர்களின் பெயர்கள் அவை. அந்தச் சட்டம் 2011 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

இறந்தவர் பெயரைச் சட்டத்துக்கு வைப்பதில் ஒரு பயன் இருக்கிறது. பிரிவு எண் யாருக்கும் நினைவிருக்காது. ஒரு மனிதரின் பெயர் நிற்கும்.

‘மெதுவாக’ என்றால் எவ்வளவு

இந்த இடத்தில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம். லேன் மாற முடியாதபோது எவ்வளவு குறைக்க வேண்டும்?

ஃப்ளோரிடாவும் டெக்சாஸும் எண் சொல்லியே கேட்கின்றன. பலகையில் போட்ட வேக வரம்பிலிருந்து 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர் குறைக்க வேண்டும். வரம்பு 65 மைல் என்றால் நீங்கள் 45 இல் போக வேண்டும். வேறு பல மாநிலங்கள் எண் சொல்வதில்லை. அந்தச் சூழலுக்குப் பொருத்தமான, பாதுகாப்பான வேகம் என்று மட்டும் சொல்லி ஓட்டுநரின் பொறுப்பில் விட்டுவிடுகின்றன.

எனக்கு எண் சொல்லும் சட்டமே பிடிக்கும். 65 இலிருந்து 45 என்பது பார்வைக்குச் சின்னக் குறைப்பு போலத் தெரியும். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. 45 இல் போகும் வண்டியின் ஆற்றல் 65 இல் போகும் அதே வண்டியின் ஆற்றலில் பாதிக்கும் சற்றுக் குறைவு. பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க ஆகும் தூரமும் அதே கணக்கில் சுருங்குகிறது. ‘கொஞ்சம் மெதுவா போனேனே’ என்று 65 இலிருந்து 60 க்கு இறங்குபவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்காது.

மெதுவாகப் போவதிலும் ஓர் ஆபத்து உண்டு என்பதை ஆஸ்திரேலியா அனுபவத்தில் கண்டது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2018 செப்டம்பரில் ஒரு விதியைச் சோதனையாகக் கொண்டுவந்தது. சிவப்பு, நீல விளக்கு மின்ன நிற்கும் அவசர வண்டியைக் கடக்கும்போது, எந்தச் சாலையானாலும் வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நகரத் தெருவில் இது சரி. மணிக்கு 110 இல் ஓடும் நெடுஞ்சாலையில், வளைவு திரும்பியதும் விளக்கைப் பார்த்து ஒருவர் 40 க்குப் பிரேக் போட்டால், பின்னால் வரும் சரக்கு லாரி என்ன செய்யும்? ஓராண்டு கழித்து விதியைத் திருத்தினார்கள். வேக வரம்பு 90 அல்லது அதற்கு மேல் உள்ள சாலைகளில் பாதுகாப்பான, நியாயமான வேகத்துக்குக் குறைத்து, போதிய இடைவெளி விட்டுக் கடந்தால் போதும் என்று ஆனது. கூடவே, இழுவை வண்டிகளும் பழுது நீக்கும் வண்டிகளும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன. அண்டை மாநிலமான விக்டோரியா 2017 முதல் 40 என்ற எண்ணிலேயே நிற்கிறது. தெற்கு ஆஸ்திரேலியா இன்னும் கடுமை, அங்கே 25.

ஆகவே முதல் தேர்வு லேன் மாறுவதுதான். தூரத்திலேயே விளக்கைப் பார்த்துவிட வேண்டும். கண்ணாடியில் பின்னால் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, சாவகாசமாக மாற வேண்டும். நிற்கும் வண்டியின் பின்பக்கத்துக்கு வந்த பிறகு வெடுக்கென்று ஸ்டியரிங்கை ஒடிப்பது விதியை மதிப்பதாகாது, இன்னொரு விபத்துக்கு வழி. சாலையிலேயே நின்றுவிடுவதும் கூடாது. பொதுவாக இந்தச் சட்டம் நிற்கச் சொல்வதில்லை.

யாருக்கெல்லாம் இந்தப் பாதுகாப்பு

தொடக்கத்தில் பட்டியல் சின்னது: காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ். சீருடைக்காரர்கள். சாலையோரத்தில் நாள் முழுக்க நிற்கும் இழுவை வண்டிக்காரர் அதில் இல்லை. அவர் வண்டியில் இருப்பது மஞ்சள் விளக்கு, காவலர் வண்டியில் சிவப்பும் நீலமும். காவலர் பழுதான காரைப் பார்த்துவிட்டு, இழுவை வண்டியை வரவழைத்துவிட்டுக் கிளம்பிப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நின்ற வரை அந்த இடத்துக்குச் சட்டத்தின் காவல் இருந்தது. அவர் போனதும், அதே இடத்தில் தரையில் முட்டிபோட்டுச் சங்கிலி மாட்டுபவருக்கு அது இல்லை. முதுகு சாலையைப் பார்த்து இருக்க, இரண்டு கையும் வேலையில் இருக்க, வருவதைப் பார்க்கவே முடியாத நிலையில் இருப்பவர் அவர்.

இந்த ஓட்டையை மாநிலங்கள் ஒவ்வொன்றாக அடைத்தன. நியூயார்க் அடுத்த ஆண்டே, 2012 இல், மஞ்சள் விளக்கு வண்டிகளைச் சேர்த்தது. ஃப்ளோரிடா 2014 இல் குப்பை வண்டிகளையும் மின்சாரம் போன்ற சேவை வண்டிகளையும் சேர்த்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2015 ஜனவரியில் சிவப்பு, நீலம், மஞ்சள் என எந்த விளக்கு மின்னினாலும் விதி பொருந்தும் என்று விரிவாக்கியது. அதனால் நில அளவையாளர்கள், சாலைப் பராமரிப்பவர்கள், குப்பை அள்ளுபவர்கள் எல்லாரும் உள்ளே வந்தார்கள். அங்கே வரம்பு 80 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் 70 க்கு இறங்க வேண்டும், 80 க்குக் கீழ் என்றால் 40 க்கு.

அடுத்த படிதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வேலை செய்பவர் மட்டும்தானா? டயர் பஞ்சராகி ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத் தலைவி? இன்ஜின் சூடாகி, எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னும் ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு நிற்கும் முதியவர்? அவர்களுக்கும் அதே லாரிதான், அதே கை நீள இடைவெளிதான். அவர்கள் உடம்பில் பளிச்சென்ற சட்டைகூட இல்லை. இல்லினாய்ஸ் 2017 இலும், மேரிலாந்து 2022 அக்டோபரிலும், வர்ஜீனியா 2023 ஜூலையிலும், ஃப்ளோரிடா 2024 ஜனவரியிலும், நியூயார்க் 2024 மார்ச்சிலும் சாதாரண வண்டிகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. பெரும்பாலான இடங்களில் ஹசார்ட் விளக்கு மின்ன வேண்டும், அல்லது ஃப்ளேர் எனும் எரியும் குச்சி, முக்கோணம் போன்ற எச்சரிக்கை அடையாளம் இருக்க வேண்டும். ஆகவே வண்டி நின்றால் முதலில் கை போக வேண்டியது அந்தப் பொத்தானுக்கு.

அபராதம் இடத்துக்கு இடம் மாறும். இல்லினாய்ஸ் 2020 இலிருந்து முதல் தடவைக்குக் குறைந்தது 250 டாலர், அடுத்த தடவைக்குக் குறைந்தது 750 டாலர், மேல் வரம்பு 10,000 டாலர் என வைத்திருக்கிறது. தமிழர்கள் பெருமளவில் வாழும் டொரண்டோ அமைந்த ஒன்டாரியோவில், முதல் தடவைக்கு 400 முதல் 2,000 கனடிய டாலர் வரை அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் மூன்று தண்டனைப் புள்ளிகள். அங்கே இழுவை வண்டிகள் 2015 இல் பட்டியலில் சேர்ந்தன. ஐந்து ஆண்டுக்குள் மறுபடி மாட்டினால் சிறைக்கும் உரிமம் நிறுத்தப்படுவதற்கும் இடமுண்டு.

ஆனால் பிடிப்பது எளிதல்ல. விதி மீறப்படும் அந்த நொடியில் காவலர் இன்னொரு வண்டியோடு ஓரத்தில் நிற்கிறார். கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டு மீறியவரைத் துரத்த முடியாது. அதனால் சில இடங்களில் ஒரு காவல் வண்டி விளக்கைப் போட்டு ஓரத்தில் நிற்க, இன்னொன்று சற்றுத் தள்ளிக் காத்திருந்து பிடிக்கிறது. அதை எல்லா நாளும் செய்ய ஆள் கிடையாது. இந்தச் சட்டம் பெரும்பாலும் ஓட்டுநர்களின் மனசாட்சியில்தான் ஓடுகிறது.

சட்டத்தை மட்டும் நம்ப முடியாது என்பது ஓரத்தில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். காவலர்கள் பலர் இப்போது சாலைக்கு எதிர்ப்பக்கமாக, பயணி அமரும் ஜன்னலுக்குப் போய்ப் பேசுகிறார்கள். தீயணைப்பு வண்டியை விபத்து இடத்துக்கு முன்பாகச் சாய்வாக நிறுத்தி அரண்போல ஆக்குகிறார்கள். இரவில் இன்னொரு சிக்கல். மின்னும் விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருந்தால், அதன் கூச்சத்தில் பக்கத்தில் நிற்கும் ஆள் மறைந்துபோகிறார். வண்டி தெரிகிறது, மனிதர் தெரிவதில்லை. எதிரொளிக்கும் சட்டை இதற்காகத்தான். அமெரிக்க மத்திய அரசு நிதியுதவி பெறும் நெடுஞ்சாலைகளில் வேலை செய்பவர்கள் அதை அணிந்தே ஆக வேண்டும் என்ற விதி 2008 நவம்பரில் அமலுக்கு வந்தது.

ஆரஞ்சுப் பலகைக்கு உள்ளே

சாலைப் பணி நடக்கும் இடங்களுக்குத் தனி ஏற்பாடு. ஆரஞ்சு நிறப் பலகை முதலில் வரும். பிறகு கூம்புகள் லேனை மெல்ல மெல்லக் குறுக்கும். அதற்கும் ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவே கொஞ்சம் தூரம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். ‘யாருமே இல்லாத இடத்தை ஏன் அடைத்து வைத்திருக்கிறார்கள்’ என்று எரிச்சல்படுபவர்கள் உண்டு. தவறி உள்ளே நுழையும் வண்டி ஆளைத் தொடும் முன் நிற்பதற்கான இடம் அது. பல வேலைகளில் பின்னால் ஒரு கனரக லாரி நிற்கும். அதன் வால் பக்கத்தில் மோதலை உள்வாங்கும் மெத்தை போன்ற அமைப்பு இருக்கும். அது இடிபடுவதற்காகவே நிற்கிறது.

பல மாநிலங்களில் இங்கே வேக மீறலுக்கு அபராதம் இருமடங்கு. பென்சில்வேனியா 2020 முதல் பணியிடங்களில் வேகக் கேமரா வைத்திருக்கிறது. முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது 75 டாலர், அதன் பிறகு 150.

கேமராவையும் கூம்பையும் மீறி நடப்பதும் உண்டு. 2023 மார்ச் 22 அன்று பால்டிமோர் அருகே 695 ஆம் எண் சுற்றுச்சாலையில், மிகை வேகத்தில் வந்த இரண்டு கார்கள் ஒன்றோடொன்று உரசின. அதில் ஒன்று, கான்கிரீட் தடுப்புகளுக்கு இடையே வேலை வண்டிகள் வந்து போக விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே புகுந்தது. ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். பட்டப்பகலில். மேரிலாந்தில் பணியிடத்துக் கேமராவில் சிக்கினால் அபராதம் அதுவரை வெறும் 40 டாலர். அதன் பிறகு வந்த சட்டம் வேகத்துக்கு ஏற்ப 60 முதல் 500 டாலர் வரை படிப்படியாக உயர்த்தியது. ஆட்கள் வேலையில் இருக்கும்போது அது இருமடங்காகும். ஆறு பேர் போன பிறகுதான் அந்த 40 போதாது என்று தெரிந்தது.

சாலைப் பணி நடக்கும் இடங்களில் நேர்ந்த விபத்துகளில் அமெரிக்காவில் 2021 இல் மட்டும் 950 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தொழிலாளர்கள் இல்லை. வண்டிகளில் வந்த ஓட்டுநர்களும் பயணிகளும்தான். குறுகிய லேன், திடீரென நிற்கும் வரிசை, பின்னாலிருந்து மோதும் லாரி. ஆரஞ்சுப் பலகையைப் பார்த்துக் குறைக்கும் வேகம் உங்கள் பிள்ளைகளையும் காக்கிறது.

ஓரத்தில் நிற்க வேண்டியவர் நீங்களாக இருந்தால்

வண்டி தள்ளாடத் தொடங்கியதும், முடிந்தால் அடுத்த வெளியேறும் பாதை வரை ஓட்டிப் போய்விடுங்கள். முடியாவிட்டால் ஷோல்டரில் எவ்வளவு ஓரமாக முடியுமோ அவ்வளவு ஒதுக்கி, ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். சாலைக்கு எதிர்ப்பக்கக் கதவு வழியாக இறங்குங்கள், பிள்ளைகளையும் அந்தப் பக்கமாகவே இறக்குங்கள். தடுப்புக் கம்பி இருந்தால் அதைத் தாண்டிப் போய் நில்லுங்கள். இறங்குவதே ஆபத்து என்று தோன்றினால் சீட் பெல்ட்டைப் போட்டபடி உள்ளேயே இருந்து உதவிக்குக் கூப்பிடுங்கள். சாலைப் பக்கத்து டயர் பஞ்சர் என்றால் நீங்களே மாற்ற முயலாதீர்கள்.

தடுப்புக்கு அப்பால் நிற்கும்போதும் வண்டிக்கு நேர் முன்னால் நிற்க வேண்டாம். யாராவது வந்து உங்கள் காரை இடித்தால், அது முன்னோக்கித்தான் தள்ளப்படும். தடுப்புக்கு அப்பாலேயே, காருக்குப் பின்புறமாக, வண்டிகள் வரும் திசையைப் பார்த்தபடி, கொஞ்ச தூரம் நடந்து போய் நில்லுங்கள். வருவது அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும்.